பேரனின் கிழமை

என் பேரன் ஒரு சனிக்கிழமை காலை ஆறு மணி பத்து நிமிடத்துக்குப் பிறந்தான். ஆஸ்பத்திரிப் பதிவில் அப்படித்தான் இருக்கிறது. பிள்ளையின் கணுக்காலில் சுற்றிய பட்டியிலும் அப்படித்தான் அச்சடித்திருந்தார்கள். பிரசவ அறையில் மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்ற என் மனைவியும் தொலைபேசியில் அப்படித்தான் சொன்னாள். அடுத்த எட்டு நாட்கள் அந்தச் சனிக்கிழமையை வெள்ளிக்கிழமை ஆக்குவதற்கு என் வீட்டில் நடந்த வேலைகளை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

கிழமையில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். என் மருமகன் கானா நாட்டுக்காரர். அகான் என்ற இனத்தைச் சேர்ந்தவர். அவர்களிடத்தில் ஒரு பிள்ளை எந்தக் கிழமையில் பிறக்கிறதோ அந்தக் கிழமைக்கு உரிய பெயர்தான் அதன் முதற்பெயர். ஆணுக்கு ஏழு, பெண்ணுக்கு ஏழு. வெள்ளிக்கிழமை பிறந்த ஆண் கோஃபி. சனிக்கிழமை பிறந்தவன் குவாமே. எட்டாம் நாள் தகப்பன் தன் விருப்பப்படி இன்னொரு பெயரும் வைப்பான், அது வேறு கணக்கு. கிழமைப் பெயரை யாரும் தெரிவுசெய்வதில்லை. உயிர் எந்தக் கிழமையில் இந்த மண்ணில் இறங்கியதோ அந்தப் பெயரோடுதான் அது வருகிறது, மனிதர் செய்ய வேண்டியது அதைக் கேட்டு எழுதிக்கொள்வது மட்டும்.

நாலு வருடத்துக்கு முன் மருமகன் முதல் தடவை வீட்டுக்கு வந்தபோது இதை எனக்கு விளக்கினார். எனக்கு உடனே பிடித்துப்போனது. நான் யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், பிறப்பு இறப்புப் பதிவுப் பகுதியில் எழுத்து வேலை பார்க்கும் லிகிதராகத் தொடங்கியவன். பிறகு சிட்னியில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் விண்ணப்பங்களைச் சரிபார்த்து ஓய்வு பெற்றவன். இரண்டு நாட்டிலும் எனக்குச் சம்பளம் தந்தது ஒரே வேலைக்குத்தான்: மனிதர் எழுதித் தருவது உண்மைதானா என்று பார்ப்பது. விண்ணப்பதாரரின் விருப்பத்துக்கு இடமே இல்லாத ஒரு பெயர் முறையை அதற்கு முன் நான் கண்டதில்லை. நட்சத்திரத்துக்கு எழுத்துத் தேடி, எழுத்துக்கு எண் கூட்டி, எண்ணுக்காக மறுபடி எழுத்தை மாற்றும் எங்கள் ஆட்களின் கூத்தைப் பார்த்துக் களைத்த எனக்கு இது குளிர்ந்த தண்ணீர் குடித்தது போல இருந்தது. மருமகன் தான் செவ்வாய்க்கிழமை பிறந்தவர் என்றார். அதை மட்டும் மனைவியிடம் ஒரு மாதம் சொல்லவில்லை.

பிள்ளை பிறக்க இரண்டு வாரம் இருக்கும்போது மருமகனின் தாயார் கானாவின் குமாசி நகரிலிருந்து வந்து சேர்ந்தார். விசா விண்ணப்பம் நிரப்பியது நான்தான். ஒரு கேள்விகூடக் கேட்காமல் கொடுத்தார்கள் என்பதை இந்த இடத்தில் பதிவுசெய்கிறேன். சம்மந்தியம்மா உயரமானவர், குறைவாகப் பேசுபவர், ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர். சிட்னி வென்ட்வேர்த்வில்லில் எங்கள் வீட்டுக் குசினியில் என் மனைவியும் அவரும் பொதுவான மொழி அதிகம் இல்லாமலே ஒரு மீன் குழம்பைப் பற்றி அரைமணி நேரம் பேசுவதை நான் கண்டிருக்கிறேன்.

பிறகு இன்னொருவரும் வந்து சேர்ந்தார். மனைவியின் தமையன், என் மச்சான். மெல்பேர்ணில் நோபல் பார்க்கில் இருப்பவர். பிள்ளை பிறந்த அன்று பின்னேரமே பிளேன் ஏறி வந்துவிட்டார். எட்டு நாள் நிற்கப்போவதாகச் சொன்னார். அவரிடம் வேண்டாம் என்று சொல்லும் நிலையில் இந்தக் குடும்பத்தில் யாரும் இல்லை. நாங்கள் இந்த நாட்டில் வந்து இறங்கியபோது முதல் எட்டு மாதம் இருந்தது அவருடைய வீட்டின் முன்அறையில். அதை அவர் ஒரு நாளும் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லிக்காட்டியிருந்தால் என் பாடு இலகுவாக இருந்திருக்கும்.

தொடங்கியது துடக்கிலிருந்து, அதாவது பிள்ளைப்பேற்றுத் தீட்டிலிருந்து. எட்டாம் நாள் வீட்டில் பெயர் வைக்கும் சடங்கு என்று கேள்விப்பட்டதும் மச்சான் கதிரையிலிருந்து எழும்பிவிட்டார்.

“முப்பத்தொண்டு கழியாமல் வீட்டில விழாவோ? துடக்குக்குள்ள?”

“மச்சான், துடக்கு தகப்பன் பகுதிக்கு. மோள் கலியாணம் கட்டிப் போனவள். தகப்பன் பகுதி முழுக்கக் குமாசியில இருக்கு. முப்பத்தொரு நாளைக்குக் கோயிலுக்குப் போக வேண்டாம் எண்டு ஒரு தந்தி அடிச்சு விடட்டோ?”

“நீர் எதையும் பகிடியாக்கிப் போடுவீர்.”

“பகிடி இல்லை. விதி அதுதான். நீர் துடக்கு வீட்டில இருந்துகொண்டு மத்தியானம் மூண்டாம் தரம் சோறு போட்டுச் சாப்பிட்டதுக்கும் விதி இருக்கு. அதையும் சொல்லட்டோ?”

துடக்கு அதோடு போயிற்று. நான் வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். அது என் முட்டாள்தனம். விதியால் அடித்தவனுக்கு விதியாலேயே திருப்பி அடிக்கலாம் என்பதை மச்சானுக்கு நானே சொல்லிக்கொடுத்ததாகப் போயிற்று.

திங்கட்கிழமை காலை அவர் தொலைபேசியில் பஞ்சாங்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு என்னை முன்னால் இருத்தினார்.

“சனிக்கிழமை சிட்னியில சூரியன் உதிச்சது ஆறு அம்பத்தெட்டுக்கு. பிள்ளை பிறந்தது ஆறு பத்துக்கு. இன்னும் நாப்பத்தெட்டு நிமிஷம் கிடக்கு. எங்கட முறைக்கு அது வெள்ளிக்கிழமை.”

“சாதகம் கணிக்க அது சரி.”

“சாதகத்துக்குச் சரியெண்டா பேருக்கும் சரிதானே? கானாவில அப்ப நேரம் என்ன எண்டு பாத்தனீரோ? வெள்ளிக்கிழமை பின்னேரம் ஏழு பத்து! அவையின்ர ஊரிலையும் வெள்ளி, எங்கட பஞ்சாங்கத்திலையும் வெள்ளி. உந்த ஆஸ்பத்திரிக்காரருக்கு மட்டும்தான் சனி.”

நான் நாற்பது வருடம் மனிதர்களின் வாதங்களை வாசித்தவன். இது நல்ல வாதம். ஒரு சொல்லும் பொய் இல்லை. சூரியன் அந்த நேரத்துக்குத்தான் உதித்தது. பஞ்சாங்கத்தில் நாள் விடியலில்தான் மாறுகிறது. கானாவில் அப்போது வெள்ளிக்கிழமைதான். மூன்று உண்மைகளை அடுக்கிப் பிள்ளை பிறந்த கிழமையைத் திருட முடியும் என்றால், பொய் சொல்லத் தெரியாதவர்கள்தான் பாவம்.

“உமக்கு ஏன் இது?” என்று கேட்டேன்.

அவர் குரலைத் தாழ்த்தினார். “நாள் முழுக்கச் சனி சனி எண்டு பிள்ளையைக் கூப்பிட்டா என்ன நடக்கும்? ஏழரைச் சனியை வீட்டுக்குள்ள கொண்டுவந்து தொட்டில் கட்டி ஆட்டுறதோ?”

“அவையின்ர பாசையில கூப்பிடினம். சனி எண்டு ஆருக்கு விளங்கப்போகுது?”

“உமக்கு விளங்கும். நீர் எல்லாருக்கும் சொல்லுவீர்.”

சொல்வேன்தான். போன வருடம் அவருடைய வீட்டில் சாப்பாட்டு மேசையில் ஏழு கிழமைக்கும் ஏழு பெயரையும் விளக்கமாகச் சொல்லி எல்லோரையும் சலிப்படைய வைத்தது நான்தான்.

இன்னொன்றும் எனக்குத் தெரியும். மச்சானின் சொந்தப் பேரன் மெல்பேர்ண் ட்ருகனினாவில் இருக்கிறான். அவன் விடியக்காலை நாலரை மணிக்குப் பிறந்தவன். அவனுடைய பிறந்தநாளுக்கு யாரும் சூரிய உதயம் பார்க்கவில்லை. ஆங்கிலத் திகதியில் கேக் வெட்டி, பலூன் கட்டி, எங்களுக்கும் ஒரு துண்டு கடதாசித் தட்டில் வைத்துத் தந்தார்கள். பஞ்சாங்கம் தேவைப்பட்டது என் பேரனுக்கு மட்டும்.

காரணம் சனீஸ்வரன் இல்லை. அன்று பின்னேரம் மச்சானோடு புகையிரத நிலையத்துக்குப் பக்கத்துக் கடைக்கு ரோல்ஸ் வாங்கப் போனபோது அது வெளியே வந்தது. அவருக்குத் தெரிந்த ஒருவர் அங்கே நின்றார்.

“தங்கச்சியின்ர மோள் பிள்ளை பெத்திட்டாளாம். மருமோன் எந்த ஊர்?”

“ஆபிரிக்காப் பக்கம்,” என்றார் மச்சான். பிறகு அவசரமாக, “எஞ்சினியர்,” என்றார். அந்த எஞ்சினியரை ஒரு மன்னிப்புக் கடிதம் போல நீட்டினார்.

“கிழமையில பேர் வைப்பினமாமே? அப்ப கலண்டர் கிழிக்கேக்க பேரும் கிழியுமோ?”

மச்சான் சிரித்தார். பெரிய சிரிப்பில்லை. பக்கத்தில் நிற்பவர் கோபிக்காதபடிக்கு நாங்கள் சிரிக்கும் அந்தச் சிரிப்பு. எனக்கு அந்த ஆளிடம் வரவில்லை ஆத்திரம், மச்சானிடம்தான் வந்தது.

“உங்கட பேத்திக்கு எண்சாத்திரக்காரன் சொன்னதெண்டு மூண்டு தரம் பேர் மாத்தினியளே, இப்ப எந்தப் பேருக்குத் திரும்பிப் பாக்கிறா?” என்று அந்த ஆளிடம் கேட்டுவிட்டு ரோல்ஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். வீடு வரைக்கும் மச்சான் என்னோடு பேசவில்லை. பெட்டி மட்டும் சூடாக இருந்தது.

செவ்வாய்க்கிழமைக்குள் வீடு மச்சானின் பக்கம் சாய்ந்துவிட்டது. அவர் என் மகளிடம் போய் இதமாகப் பேசினார். மகள் நாலு நாளாக நித்திரை இல்லாதவள். சின்ன வயதில் அவருடைய முதுகில் ஏறி நோபல் பார்க் முழுவதும் சவாரி போனவள்.

“அப்பா, ப்ளீஸ். மாமாவோட சண்டை பிடிக்காதேங்கோ. கோஃபியும் நல்ல பேர்தான். லெட் இற் கோ.”

“அது அவன்ர பேர் இல்லை.”

“ஐம் சோ டயர்ட், அப்பா.”

மருமகனிடம் கேட்டேன். அவர் குசினியில் பால் போத்தல்களைக் கழுவிக்கொண்டிருந்தார். “பரவாயில்லை, அங்கிள்,” என்றார். நான்கு வருடமாக அவர் எங்களிடம் அதிகம் சொன்ன சொல் அதுதான். கலியாணத்துக்கு எங்கள் பக்கத்து ஆட்கள் பாதிப்பேர் வராதபோதும் பரவாயில்லை என்றார். நான் விடவில்லை. உண்மையாகவே பரவாயில்லையா என்று கேட்டேன்.

அவர் தண்ணீரை நிறுத்தினார். “வேலையிடத்தில் என்னைப் பாஸ்போட்டில் இருக்கும் ஆங்கிலப் பெயரால் கூப்பிடுகிறார்கள், அங்கிள். இந்த வீட்டிலும் அப்படித்தான். அம்மா விமான நிலையத்தில் இறங்கி என் கிழமைப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோது, அது நான்தான் என்று திரும்பிப் பார்க்க எனக்கு ஒரு கணம் எடுத்தது. என் மகனுக்கு அந்தப் பெயர் இருக்கும் என்று நினைத்தேன். கோஃபி என்றால் அது வேறு ஒருவனுடைய பெயர். நான் அவனைக் கூப்பிடுவேன். அம்மா கூப்பிடமாட்டார்.”

கூப்பிடவில்லைதான். அதற்குப் பிறகு நான் கவனித்தேன். சம்மந்தியம்மா பிள்ளையைத் தூக்குவார், குளிப்பாட்டுவார், ஏதோ முணுமுணுத்துப் பாடுவார். பெயர் மட்டும் சொல்லமாட்டார். மச்சானின் வாதத்தை அவரிடம் யாரோ எடுத்துச் சொல்லியிருந்தார்கள். கானாவில் அப்போது வெள்ளிக்கிழமைதானே என்ற பகுதியையும். அவர் எங்களிடம் ஆங்கிலத்தில் சொன்னது இவ்வளவுதான்: “பிள்ளை கானாவில் பிறக்கவில்லையே.” அதற்கு மேல் வாதாடவில்லை. பிள்ளை எங்களுடையதும்தான் என்று அவர் நினைத்தார். அந்த மரியாதைக்கு நாங்கள் தகுதியானவர்கள்தானா என்பது வேறு விடயம்.

ஆகவே முடிவு இது: சடங்கு சனிக்கிழமை காலை, பெயர் கோஃபி. பிறந்த நாளையும் சேர்த்து எட்டு எண்ணினால் மறுபடி அதே கிழமைதான் வரும். மச்சான் சொன்னபடி பிள்ளை வெள்ளிக்கிழமை பிறந்திருந்தால் சடங்கையும் வெள்ளிக்கிழமைதான் வைத்திருக்க வேண்டும். ஆனால் வெள்ளிக்கிழமை எல்லோருக்கும் வேலை. எனவே வெள்ளிக்கிழமைப் பெயரை, சனிக்கிழமையிலிருந்து எண்ணிய எட்டாம் நாளில் வைப்பது. ஒரே கோப்பில் இரண்டு திகதி. என் மேசைக்கு இப்படி ஒரு விண்ணப்பம் வந்திருந்தால் சிவப்புப் பேனையால் ஒரு கோடு போட்டுத் திருப்பியிருப்பேன்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் எல்லோரும் முன்அறையில் இருந்தோம். இறுக்கத்தைக் குறைக்க நினைத்தாரோ என்னவோ, சம்மந்தியம்மா ஒவ்வொருவரிடமும் பிறந்த திகதியைக் கேட்டார். மருமகன் தொலைபேசியில் கிழமையைப் பார்த்துச் சொன்னார். நான் வியாழன், ஆகவே யாவ். என் மனைவி திங்கள், ஆகவே அஜோவா. மனைவி அதை இரண்டு தரம் சொல்லிப் பார்த்துவிட்டுச் சின்னப் பிள்ளை மாதிரி வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு மச்சானின் முறை வந்தது. அவர் நிமிர்ந்து இருந்து பாஸ்போட்டில் உள்ள திகதியைச் சொன்னார்.

“புதன்கிழமை,” என்றார் மருமகன்.

“குவாக்கு!” என்றார் சம்மந்தியம்மா. எழும்பிப் போய் அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“பொன் கிடைச்சாலும் புதன் கிடையாது எண்டு சும்மாவோ சொன்னவை?” என்றார் மச்சான். முகம் மலர்ந்துபோயிருந்தது.

மனைவி என்னைப் பார்த்தாள். நான் யன்னலைப் பார்த்தேன்.

அந்தத் திகதி பொய். எனக்குத் தெரியும், ஏனென்றால் அதைச் செய்தது நான். மச்சான் இளமையில் அரசாங்கச் சேவைப் பரீட்சை ஒன்றுக்கு விண்ணப்பித்தபோது சில மாதங்களால் வயது தாண்டியிருந்தது. அவருடைய பிறப்பு அந்தக் காலத்தில் பதியப்படாமல் விடுபட்டிருந்தது. காலம் கடந்த பதிவுக்கு ஒரு சத்தியக்கடதாசி, இரண்டு சாட்சி. நான் அப்போது கச்சேரியில் புது லிகிதர். அவருடைய தங்கையை எனக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். பிறந்த திகதியை ஒரு வருடம் தள்ளி எழுதினோம். இரண்டாம் சாட்சியின் கையெழுத்து என்னுடையது. அவர் பரீட்சையும் பாஸ் பண்ணவில்லை. அவருடைய உண்மையான கிழமை எனக்குத் தெரியும். இங்கே எழுதமாட்டேன்.

நாற்பத்தெட்டு நிமிடத்துக்காக ஒரு பிள்ளையின் பெயரை மாற்றுகிறார், சொந்தப் பிறப்பை ஒரு வருடம் தள்ளிவைத்த மனிதர்! எழும்பி அதை எல்லோருக்கும் முன்னால் சொல்லத்தான் என் நாக்கு துடித்தது. சொன்னால் பக்கத்தில் என் கையெழுத்தும் நிற்கும். அந்த ஆத்திரத்தில் பாதி எனக்கு என்மீதுதான்.

மற்றவர்கள் எழும்பிப் போனபிறகு சம்மந்தியம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். சடங்கின் நடுப்பகுதி ஒன்றை விளக்கினார். மூத்தவர் ஒருவர் பிள்ளையை மடியில் வைத்து, விரலைத் தண்ணீரில் தோய்த்து அதன் நாக்கில் வைப்பார். பிறகு மதுவில் தோய்த்து வைப்பார். தண்ணீர் என்றால் தண்ணீர் என்று சொல், மது என்றால் மது என்று சொல் என்பார். வளர்ந்து உண்மையைச் சொல்ல வேண்டும் என்பதற்கான சடங்கு. அதைச் செய்பவரின் குணம் பிள்ளைக்கு வரும் என்பது நம்பிக்கை.

“நீங்கள் செய்ய வேண்டும்,” என்றார். “வாழ்நாள் முழுவதும் பொய்யான பத்திரங்களைப் பிடித்தவர் நீங்கள் என்று என் மகன் சொன்னான்.”

அவர் அதை நேர்மையாகத்தான் சொன்னார். கிண்டல் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

சனிக்கிழமை விடியமுன் எழும்பினேன். சம்மந்தியம்மா குசினி மேசையில் இரண்டு சின்னக் கிளாஸ்களை வைத்துக்கொண்டிருந்தார், ஒன்றில் தண்ணீர், ஒன்றில் ஜின். அவருக்கு முன்னால் இருந்து எல்லாவற்றையும் சொன்னேன். சத்தியக்கடதாசி, திகதி, என் கையெழுத்து. இதைச் சொல்லிவிட்டால் அவர் என் தோளில் தட்டி, அது பழைய கதை, நீங்கள்தான் பொருத்தமானவர் என்று சொல்வார் என்று எங்கோ ஒரு மூலையில் நம்பியிருந்தேன் என்று நினைக்கிறேன்.

அவர் என் முன்னால் இருந்த இரண்டு கிளாஸையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“சொன்னதற்கு நன்றி,” என்றார். “அப்படியென்றால் இது உங்களுக்கு இல்லை.”

“ஐம்பது வருடத்துக்கு முந்திய ஒரு கையெழுத்து!”

“ஓம்,” என்றார். ‘ஆம்’ என்பதற்கு நாங்கள் சொல்லும் அந்த ஒரு சொல்லை எங்கள் வீட்டில்தான் பழகியிருந்தார்.

உண்மையைச் சொன்ன விண்ணப்பதாரர்களை நானும் நிராகரித்திருக்கிறேன். உள்ளதை உள்ளபடி எழுதியதால் தகுதி இழந்தவர்கள், என் மேசைக்கு முன்னால் நின்றவர்கள். விதி அப்படி, நான் ஒன்றும் செய்யமுடியாது என்று அவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். மறுபக்கத்துக் கதிரையில் இருந்து அதைக் கேட்டது அன்றுதான் முதல் தடவை. அது மிகவும் மோசமான கதிரை.

ஏழு மணிக்கு எல்லோரும் முன்அறைக்கு வந்தார்கள். மருமகனின் நண்பர்கள் சில பேர் குடும்பத்தோடு வெள்ளை உடுப்பில் வந்திருந்தார்கள். மச்சான் பட்டு வேட்டியோடு நடுக் கதிரையில் இருந்தார். நான் மடியைத் தயாராக்காமல் சுவரோரம் நின்றதை அவர் பார்த்தார், விளங்கவில்லை. சம்மந்தியம்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நேராக என் மனைவியிடம் போனார்.

“பிள்ளை வந்தபோது அறையில் நின்றது நீங்கள்,” என்றார் மெதுவான ஆங்கிலத்தில். “எந்தக் கிழமை?”

அந்த எட்டு நாளில் என் மனைவியிடம் யாரும் அதைக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. தமையனின் பக்கம்தான் நிற்பாள் என்று நானே முடிவுகட்டி வைத்திருந்தேன். எல்லா நடைமுறையும் தெரிந்த நான், சம்பவ இடத்தில் நின்ற ஒரே சாட்சியை விசாரிக்க மறந்துவிட்டேன்.

மனைவி தமையனைப் பார்த்தாள். பிறகு பிள்ளையைப் பார்த்தாள்.

“சனிக்கிழமை,” என்றாள்.

“தங்கச்சி,” மச்சான் முன்னுக்குச் சரிந்தார், “சூரியன் உதிக்கேல்ல.”

“அண்ணை, நான் சூரியனைப் பாக்கப் போகேல்ல. பிள்ளையைப் பாக்கப் போனனான்.”

சம்மந்தியம்மா பிள்ளையை என் மனைவியின் மடியில் வைத்து, கிளாஸை அவளுடைய கைக்குக் கிட்டக் கொண்டுபோனார். மனைவி என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. விரலைத் தோய்த்தாள்.

“தண்ணி எண்டா தண்ணி எண்டு சொல்லு, ராசா.”

பிள்ளை நாக்கைச் சப்பியது. இரண்டாவது கிளாஸை முகர்ந்து பார்த்து அவள் முகம் சுளித்தாள். “இது சாராயம் மாதிரி என்னவோ. அப்பிடியெண்டா அதையும் அப்பிடியே சொல்லு.”

பிள்ளையின் முகமும் அதே மாதிரிச் சுளித்தது. வெள்ளை உடுப்புக்காரர்கள் சிரித்தார்கள். மகள் அழுதுகொண்டிருந்தாள். மருமகன் குனிந்து பெயரைச் சொன்னார், பிறகு அவருடைய தாயார் சொன்னார். எட்டு நாள் அடக்கி வைத்திருந்த சொல்லை அவர் ஒரு தரத்தோடு விடவில்லை. குவாமே, குவாமே என்று அறையின் ஒரு மூலையிலிருந்து மறுமூலை வரை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் ஒவ்வொருவருக்கும் காட்டினார். மச்சானுக்கு முன்னாலும் நின்றார். மச்சான் பிள்ளையின் தலையைத் தொட்டார். பெயரைச் சொல்லவில்லை.

பின்னேரப் பிளேனுக்கு அவர் போய்விட்டார். நெஞ்சு எரிகிறது, காரச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றார். வாசலில் மனைவி அவருக்கு இடியப்பம் கட்டிக்கொடுத்தாள். அன்று இரவு நான் மனைவியிடம் கேட்டேன், இவ்வளவு நாளும் ஏன் சொல்லவில்லை என்று. “நீங்கள் ரெண்டு பேரும் கதைச்சு முடிச்சால்தானே,” என்றாள்.

அடுத்த வாரம் மருமகனோடு இருந்து பிறப்புப் பதிவுப் படிவத்தை நிரப்பினேன். முதற்பெயர் என்ற பெட்டியில் எதைப் போடுவது என்று கேட்டேன். தகப்பன் வைத்த பெயரும் இருந்தது, நாங்கள் தெரிவுசெய்த தமிழ்ப் பெயரும் இருந்தது. இந்த முறை அவர் பரவாயில்லை என்று சொல்லவில்லை. கிழமைப் பெயரைத் தானே தட்டினார், தட்டிவிட்டு ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்தார். அந்தப் படிவத்தில் பிறந்த திகதிக்கு இடமுண்டு, நேரத்துக்குக்கூட இடமுண்டு. கிழமைக்கு ஒரு பெட்டி இல்லை. இருந்திருந்தால் எட்டு நாள் வீண்போயிருக்காது. இந்தக் குறையைச் சுட்டிக்காட்டி உரிய அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். கிடைத்தது என்று ஒரு தானியங்கிப் பதில் வந்தது. வேறொன்றும் வரவில்லை.

குவாமேவுக்கு இப்போது ஏழு மாதம். யார் கூப்பிட்டாலும் திரும்புகிறான். மச்சான் ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசி எடுப்பார். மழை, முழங்கால், மெல்பேர்ண் வீட்டு விலை எல்லாம் கதைத்து முடிந்தபிறகு கடைசியாகக் கேட்பார்:

“பிள்ளை எப்பிடி?”

“எந்தப் பிள்ளை?” என்பேன்.

“அதுதான் மோளின்ர பிள்ளை.”

“அவனுக்கு ஒரு பேர் இருக்கு, மச்சான்.”

அவர் தொண்டையைச் செருமுவார், பிறகு தங்கச்சியிடம் குடு என்பார். ஏழு மாதமாக இதுதான் நடக்கிறது. அவருக்கு எழுபத்தாறு வயது, எனக்கு எழுபத்துமூன்று. அவர் சொல்லும்வரை நான் கேட்பேன்.